பிராகில் உட்கார்ந்த இடங்கள்

திங்கட்கிழமை காலை பெர்லினில் என் அலுவலகச் சமையலறையில் காபி மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து டீமில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். "பிராக் எப்படிங்க இருந்துச்சு? கோட்டைக்குள்ள போனீங்களா?" என்றார். "ம், போனோம். நல்லா இருந்துச்சு" என்றேன். போகவில்லை. டிக்கெட் இரண்டும் இன்றைக்கும் என் மின்னஞ்சலில் கிடக்கின்றன. செக் நாட்டுத் தலைநகரான பிராகில் கோட்டை வாசலைத் தாண்டி டிராமில் போனோம், திரும்பி அதே வாசலைத் தாண்டி வந்தோம், இறங்கவில்லை. அவ்வளவுதான் கோட்டைக்கும் எங்களுக்கும் உண்டான உறவு.

இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார், நானும் மறந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாக இந்தப் பொய் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. "போகல, அம்மாவுக்கு முட்டு வலி" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை என்று யோசித்துப் பார்த்தால், கதை பிராகில் இருந்த அந்த இரண்டரை நாளில் இல்லை, அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் இருக்கிறது.

எக்செல் தாளில் ஒரு ஊர்

அம்மா நாகர்கோவிலிலிருந்து பெர்லினுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அரசு விடுமுறை. இடையில் வரும் வெள்ளிக்கு லீவ் போட்டால் நான்கு நாள் சேர்ந்து கிடைக்கும். மனைவிக்கு லீவ் கிடைக்கவில்லை, "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள். வியன்னா ரயிலில் தூரம். கோபன்ஹேகன் செலவு. பிராக் என்றால் பெர்லினிலிருந்து நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், நேர் ரயில், அம்மாவின் ஷெங்கன் விசாவே போதும். முடிவு செய்ய ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மற்றதற்குத்தான் இரண்டு வாரம் ஆனது.

நான் எக்செல் திறந்தேன். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் தெரியும், முதல் நாள் இது, இரண்டாம் நாள் அது என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தூதரகத்துக்காக எழுதிப் பழகிய கை, தூதரகம் கேட்காதபோதும் அப்படியே எழுதுகிறது. வெள்ளி மதியம் முதல் ஞாயிறு மாலை வரை பதினேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மணி, நிமிஷம், டிராம் எண், திறக்கும் நேரம், மூடும் நேரம்.

பிராக் இந்த விளையாட்டுக்கு ஏற்ற ஊர், அதையும் சொல்ல வேண்டும். பழைய யூதர் குடியிருப்பான ஜோசஃபாவில் உள்ள ஜெப ஆலயங்களும் பழைய கல்லறைத் தோட்டமும் சனிக்கிழமை திறக்காது. கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் ஞாயிறு காலை பூசைக்கு மட்டும், சுற்றுலாக்காரர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். ஆகவே சனி கோட்டை, ஞாயிறு ஜோசஃபாவ் என்று அது தானாகவே விழுந்து உட்கார்ந்தது. கோட்டைக்கு மலையேற வேண்டாம், 22ஆம் எண் டிராம் பின்பக்கமாக மேலே கொண்டுபோய் விட்டுவிடும். பெட்ரின் குன்றுக்கு இழுவை ரயில் என்று எழுதி, அது புதுப்பிப்பு வேலைக்காக நிறுத்தியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த வரியை அடித்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க, சுடோக்குக் கட்டங்களை நிரப்பியவனின் திருப்தியோடு தூங்கப் போனேன்.

பதினேழு வரியிலும் அம்மாவின் முட்டு ஒரு இடத்தில்கூட இல்லை. அவளுக்கு அறுபத்து மூன்று வயது. மாடிப்படி ஏறுவாள், இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை

டிரெஸ்டன் தாண்டியதும் எல்பே ஆறு இடது பக்கம் கூடவே வர ஆரம்பிக்கும். இடது ஜன்னலாகப் பார்த்து இடம் பதிவு செய்திருந்தேன், அந்த ஒன்றில் மட்டும் என் திட்டம் நூற்றுக்கு நூறு. மணற்கல் பாறைகள் ஆற்றுக்கு மேல் செங்குத்தாக நின்றன. அம்மா பாறையைப் பார்த்துக்கொண்டே புளிச்சோறு சாப்பிட்டாள். சாப்பாட்டுப் பெட்டியில் நான் வாங்கிய காபியோடு வந்த தட்டில் சர்க்கரை, உப்பு, மிளகுப் பொடி என்று சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். திருப்பிக் கொடுக்கப் போனேன். "சும்மா வெச்சிருக்கியாவோ, கெடக்கட்டு" என்று எல்லாவற்றையும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஹோட்டல் சோப்பு, விமானத்துக் கரண்டி எல்லாம் சேரும் பை அது. நான் கண்டுகொள்ளவில்லை.

செக் நாட்டில் யூரோ இல்லை, கொருனா. ஸ்டேஷனில் பணம் எடுக்கும் இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்குப் பார்த்துத் தரட்டுமா?" என்று ரொம்பப் பிரியமாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்த வேண்டும், வேண்டும் என்றால் அந்தப் பிரியத்துக்குத் தனி விலை. தெரிந்தவர்கள் மன்னிக்க, தெரியாத ஒருவராவது படிப்பார் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய நகரத்துத் தெருக்களில் கையளவுக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். படத்தில் அழகு. முட்டு வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தனிக்கணக்கு. புதிதாக வாங்கிக் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு அம்மா தரையைப் பார்த்தபடியே நடந்தாள். நான் கோபுரங்களைக் காட்டினேன், அவள் "ம், ம்" என்றாள், தலையை நிமிர்த்தவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, நிமிர்ந்தால் கால் இடறும். ஊரைப் பார்க்க அவள் முதலில் நிற்க வேண்டும், நின்றால் உட்கார வேண்டும். உட்கார இடம் என்பது பழைய நகரச் சதுக்கத்தில் ஓட்டல் நாற்காலிதான், அதில் உட்கார்ந்தால் ஒரு காபிக்கு நான்கு பேர் சாப்பிடும் விலை.

வானியல் கடிகாரத்துக்கு எதிரே நின்றோம். 1410இல் வைத்தது. ஒவ்வொரு மணிக்கும் மேலே இரண்டு ஜன்னல் திறந்து இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரிசையாக வந்து போகும், பக்கத்தில் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதற்காக நூற்றுக்கணக்கான பேர் போனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். முடிந்ததும் அம்மா, "இம்புட்டுதானா?" என்றாள். கூட்டம் கலைந்தது. என் தாளில் கடிகாரத்துக்குப் பதினைந்து நிமிஷம், அது தீர்ந்துவிட்டது. ஆனால் எதிரே ஒரு கல் விளிம்பில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டதால் கிளம்ப முடியவில்லை. சரி என்று அந்த முகப்பை எனக்குத் தெரிந்தவரை விளக்க ஆரம்பித்தேன்.

வெளி வளையத்தில் 1 முதல் 24 வரை எண்கள். அவை நம் கைக்கடிகார மணி அல்ல, பழைய பொஹீமிய மணி (பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி). சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவார்கள். மாலை ஆறு மணிக்கு முள் 21ஐத் தொட்டுக்கொண்டிருந்தது, அதாவது அஸ்தமனத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம். தினமும் சூரியன் மறையும் நேரம் மாறுவதால் அந்த வளையமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அம்மா இதை உடனே பிடித்துக்கொண்டாள். "நம்ம விடியதுலருந்து நாழிகை எண்ணுவோம், இவன் அந்தியிலருந்து எண்ணுகான்." பிறகு, "ராசி எங்க இருக்கு?" என்றாள். உள்ளே ஒரு சின்ன வளையத்தைக் காட்டினேன், தங்க நிறக் குறிகள், சூரிய முள் அதன் மேல் போகிறது. "இப்ப எதுல இருக்கான்?" மிதுனம் என்றேன். அம்மாவுக்கு ஏற்கவில்லை. "வைகாசில்லா நடக்கு? ரிஷபத்துலல்லா இருக்கணும்?"

சரியான கேள்வி. அவர்கள் கணக்கு வசந்த சம இரவு நாளிலிருந்து தொடங்குகிறது, நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 24 பாகை, ஜோசியர்கள் அயனாம்சம் என்பார்கள். அதனால்தான் மே கடைசியில் அவன் சூரியன் மிதுனத்துக்குப் போய்விட்டான், நம் சூரியன் இன்னும் ரிஷபத்தில் இருக்கிறான். இதை நான் போனில் தேடிப் படித்துச் சொல்வதற்குள் இன்னொரு மணி நேரம் ஆகி, எலும்புக்கூடு மறுபடியும் மணி அடித்தது. அம்மா இந்தத் தடவை அதைப் பார்க்கவே இல்லை. "ராகுகாலம் போட்டிருக்கானா?" என்று கீழே இருந்த நாள்காட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தாளில் அன்றைக்கு இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. மூன்றை அடித்தேன். எரிச்சலோடுதான் அடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாலத்தில்

மிச்சமிருந்த ஒரு வரி, சார்லஸ் பாலம், அந்தி வெளிச்சத்தில். நாலாம் சார்லஸ் மன்னர் 1357இல் அஸ்திவாரக் கல் வைத்த பாலம். ஜூலை 9, காலை 5:31க்கு வைத்ததாகச் சொல்வார்கள். வருஷம், நாள், மாதம், மணி, நிமிஷம் என்று வரிசையாக எழுதினால் 135797531, முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். ஜோசியர்கள் குறித்துக் கொடுத்த நேரமாம். அம்மாவிடம் சொன்னேன். "முகூர்த்தம் பாக்காம எவன் பாலம் கெட்டுவான்?" என்றாள், இதிலென்ன அதிசயம் என்பது போல.

அரை கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் சேர்த்து முப்பது சிலைகள். எனக்கு அதில் ஒன்றுதான் முக்கியம், நெபொமுக் நகர யோவான் என்ற பாதிரியாருடையது. 1393இல் மன்னர் நாலாம் வென்செஸ்லாஸ் அவரை இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசச் செய்தார். சிலைக்கு அடியில் இருக்கும் வெண்கலத் தகட்டைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று எல்லோரும் தொட்டுத் தொட்டு, அந்த இடம் மட்டும் பொன்னாகப் பளபளக்கும். "தகடு தொடுதல், 5 நிமிஷம்" என்று எழுதியே வைத்திருந்தேன். அதற்குப் பாதிப் பாலம் தாண்ட வேண்டும். அம்மா அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டாள். கூட்டம் இரு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. இடது கைப்பக்கம் ஒரு சிலையின் அடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி முதுகைச் சாய்த்துக்கொண்டு, "நீ போயி பாத்துட்டு வா, நான் இங்கன நிக்கேன்" என்றாள்.

விட்டுவிட்டுப் போக மனசில்லை. வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல், எந்தச் சிலை இது என்று போனில் பார்த்தேன். "பிரான்சிஸ் சேவியர், 1711" என்று வாசித்தேன். எனக்கே அது ஒரு பெயராக மட்டும்தான் கேட்டது.

"யாரு?"

"பிரான்சிஸ் சேவியர்மா."

அம்மா சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். "நம்ம சவேரியாரா?"

நாகர்கோவில்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கோட்டாறு சவேரியார் கோயில் என்பது எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களுக்கு மட்டுமானதல்ல. டிசம்பர் 3 என்றால் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தேர் வரும்போது பின்னாலேயே தரையில் விழுந்து விழுந்து கும்பிடு நமஸ்காரம் செய்துகொண்டு வருபவர்களில் நெற்றியில் திருநீறு இருப்பவர்களும் உண்டு. உப்பும் மிளகும் காணிக்கை போடுவார்கள். எனக்கு மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்கு அம்மா நேர்ந்துகொண்டதாக ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் சவேரியார் படம் இருக்கும். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று யாரும் கேட்டதில்லை.

1542இல் கோவாவில் இறங்கி, அந்த வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் ஊர் ஊராக நடந்த மனுஷன். ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தவர். 1552இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இறந்தார். அவர் பிராகுக்கு வந்ததாக எங்கும் இல்லை. ஆனால் அவர் போய் ஏறத்தாழ 160 வருஷம் கழித்து, பிரோகோஃப் என்ற சிற்பி அவரை இந்தப் பாலத்தில் நிறுத்தியிருக்கிறார். கையில் சிலுவையை உயர்த்திப் பிடித்தபடி சவேரியார் மேலே. அவர் நிற்கும் பீடத்தை, ஆசியாக்காரர்கள் என்று சிற்பி நினைத்த மனிதர்கள் தோள்கொடுத்துத் தாங்குகிறார்கள். அந்தச் சிற்பி ஒரு பரதவரையாவது கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அம்மா சிலையைச் சுற்றி வர முடிந்தவரை வந்தாள். மேலே பார்க்கவில்லை, கீழே தாங்குபவர்களையே ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இதுல நம்ம ஆளு எவன்?" என்றாள். தெரியவில்லை என்றேன். "மணப்பாடுக்காரன் ஒருத்தனாட்டும் இருப்பான்" என்று அவளே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நெபொமுக் தகட்டைத் தொட வரிசை நீண்டுகொண்டிருந்தது. சவேரியார் முன்னால் நாங்கள் இருவர் மட்டும்தான்.

இரவு ஹோட்டலில் முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "காலம்பற ஆள் வருமுன்ன ஒருக்கா அங்க போவமா?" என்றாள். கோட்டை டிக்கெட் ஒன்பது மணிக்கு. அதற்கு முன் போய்விட்டு வரலாம் என்று சரி சொன்னேன்.

மே கடைசியில் பிராகில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். ஆறு மணிக்குப் பாலத்தில் ஒரு கல்யாண ஜோடியும் அவர்களைப் படம் எடுப்பவரும் தவிர யாரும் இல்லை. கூட்டம் இல்லாததால் அம்மா தரையைப் பார்த்தபடி தன் வேகத்தில் நடந்தாள். சவேரியார் முன்னால் நின்று கைகூப்பினாள். விழுந்து கும்பிட முடியாது, முட்டு. அப்புறம் கைப்பையைத் திறந்து துழாவினாள். ரயில் தட்டிலிருந்து எடுத்த காகிதப் பொட்டலங்கள் வெளியே வந்தன. சர்க்கரையைத் திரும்ப உள்ளே போட்டாள். உப்பு இரண்டு, மிளகு இரண்டு. பீடத்தின் ஓரத்தில், கல் இடுக்கில், காற்றில் பறக்காதபடி செருகி வைத்தாள்.

எனக்கு முதலில் வந்தது பக்தியும் இல்லை, நெகிழ்ச்சியும் இல்லை, பயம்தான். பாரம்பரியச் சின்னத்தில் குப்பை போட்டதற்கு அபராதம் எவ்வளவு இருக்கும், கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது. "அம்மா, அதை எடுத்துரு, போலீஸ் வரும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். "நேந்துகிட்டது" என்றாள், அவ்வளவுதான். எதற்கு நேர்ந்துகொண்டாள், முட்டுக்கா, எனக்கா, வேறு எதற்கா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டு மணி வரை அங்கேயே இருந்தோம். கூட்டம் மெல்ல மெல்ல ஏறியது. பாலத்தின் அந்தப் பக்கம் குன்றின் மேல் கோட்டையும் பேராலயத்தின் கூம்புகளும். 1344இல் தொடங்கி 1929இல்தான் கட்டி முடித்த பேராலயம் அது, பக்கத்தில் போனால் எந்தப் பகுதி பழையது எது புதியது என்று தெரியும் என்று ஆரம்பித்தேன். "அங்க ஏறணுமா?" என்றாள். டிராம் இருக்கிறது, ஆனால் உள்ளே முற்றம் முற்றமாக நடக்க வேண்டும் என்றேன். "இங்கருந்தே நல்லாத் தெரியுதுல்லா?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

22ஆம் எண்

பாலத்தைத் தாண்டி, 'சின்ன நகரம்' என்ற பகுதியின் சதுக்கத்தில் 22ஆம் எண் டிராம் பிடித்தோம். 72 மணி நேர டிக்கெட், ஏற்கெனவே முத்திரை குத்தியாயிற்று, எவ்வளவு தூரம் போனாலும் அதே காசு. டிராம் வளைந்து வளைந்து மேட்டில் ஏறியது. அம்மாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. முதல் தடவையாக அவள் தலை நிமிர்ந்து ஊரைப் பார்த்தாள். மாடி ஜன்னல்களில் காயும் துணியைப் பார்த்தாள், ரொட்டிக்கடை வரிசையைப் பார்த்தாள், நாய்க்குட்டியோடு ஏறிய கிழவியைப் பார்த்துச் சிரித்தாள், கிழவியும் சிரித்தாள். கோட்டை நிறுத்தம் வந்தது. பாதி டிராம் இறங்கியது. நான் எழுந்தேன். அம்மா எழவில்லை. "இது எதுவரைக்கும் போவும்?" என்றாள். கடைசி நிறுத்தம் வரை என்றேன், மறுபடி உட்கார்ந்தேன். கதவு மூடியது. நான்தான் உட்கார்ந்தேன், யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தின் பெயர் பீலா ஹோரா, வெள்ளை மலை. "மலை எங்க?" என்றாள் அம்மா. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்தவளிடம் காட்டக்கூடிய மலை அங்கே இல்லை, ஒரு மேடு இருந்தது. நிறுத்தத்தில் பெஞ்ச் இருந்தது. கொண்டுவந்த நேந்திரங்காய் சிப்ஸைத் தின்றுவிட்டு அடுத்த டிராமில் திரும்பினோம்.

அந்த மேடு என்ன என்று எனக்குப் பள்ளிக்கூடத்துச் சரித்திரம் போலத் தெரியும், ஆனால் பாலத்தோடு சேர்த்துப் பார்த்தது பெர்லின் திரும்பிய பிறகுதான். 1620 நவம்பர் 8, இந்த மேட்டில் இரண்டு மணி நேரம்போல நடந்த சண்டையில் பொஹீமியப் புரொட்டஸ்டண்ட் பிரபுக்கள் கத்தோலிக்கரான ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படையிடம் தோற்றார்கள். மறு வருஷம் பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேரின் உயிர் போனது, நாங்கள் கடிகாரம் பார்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். அதன் பிறகு நாட்டையே கத்தோலிக்கமாக்கும் வேலை, அதில் முன்னால் நின்றவர்கள் இயேசு சபையார். பாலத்தில் 1683இல் நெபொமுக்கில் தொடங்கி வரிசையாகச் சிலைகள் வந்தது அந்த அலையில்தான். இயேசு சபையின் முதல் ஆட்களில் ஒருவரான சவேரியாரும், சபையை நிறுவிய இக்னேஷியஸும் எதிரெதிரே நின்றார்கள். 1890 வெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் இடிந்தபோது இரண்டு பேரும் ஆற்றில் விழுந்தார்கள். சவேரியாரை 1913இல் நகல் செய்து திரும்ப வைத்தார்கள். இக்னேஷியஸ் திரும்பவில்லை. அவர் இடத்தில் 1938இல் சிரில், மெத்தோடியஸ் என்று ஸ்லாவியருக்கு மதம் போதித்த புனிதர்கள் வந்துவிட்டார்கள்.

ஆக, டிராம் கடைசியில் நின்ற மேட்டில் அன்றைக்குச் சண்டை வேறு மாதிரி முடிந்திருந்தால், பாலத்தில் அம்மா உப்பு வைக்க ஆளே இருந்திருக்க மாட்டார். ஒரு செக்காரருக்கு அந்தச் சிலை ஜெயித்தவன் வைத்த அடையாளமாகத் தெரியலாம். அம்மாவுக்கு அவர் காய்ச்சலைத் தணித்தவர். இதை அவளிடம் போனில் விவரமாகச் சொன்னேன். "ஆத்துல விழுந்தும் எந்திரிச்சு வந்துட்டாருல்லா" என்றாள். அவளுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோசஃபாவ் போனோம், பிங்கஸ் ஜெப ஆலயம் மட்டும். நாஜிகள் கொன்ற பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைச் சுவர் முழுக்கக் கையால் எழுதியிருக்கிறார்கள். முதலில் ஐம்பதுகளில் எழுதி, பின்னால் அழிந்துபோய், தொண்ணூறுகளில் திரும்ப எழுதியவை. அம்மாவால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் இருந்த எண்களைப் படித்தாள், பிறந்த நாள், கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த நாள். விரலால் காற்றில் கழித்துக் கழித்து, "இது மூணு வயசுப் பிள்ளைலே" என்றாள். அதன் பிறகு அன்று மதியம் வரை நாங்கள் அதிகம் பேசவில்லை. சாப்பிடப் போனபோது பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துக் கொண்டுவந்தார்கள், அம்மா பாதிதான் சாப்பிட்டாள்.

ஊருக்குத் திரும்பிப் போய் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வீடியோ காலில், "என்ன மக்கா, அங்கயும் நம்ம சவேரியார் நிக்காராமே?" என்று கேட்டார். அம்மா யாரிடமும் கோட்டையைப் பற்றிப் பேசுவதில்லை, கேட்டால் "தூரத்துலருந்து பாத்தோம்" என்று உள்ளதைச் சொல்கிறாள். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இல்லை. எனக்குத்தான், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், டிக்கெட்டும் வாங்கி, வாசல் வரை போய், உள்ளே போகாமல் வந்தவன் என்று கோயம்புத்தூர்க்காரர் நினைத்துவிடுவாரோ என்று இருந்திருக்கிறது.

போன வாரம் அவரே வந்தார். செப்டம்பரில் அவருடைய அப்பா அம்மா வருகிறார்கள், அப்பாவுக்குப் போன வருஷம்தான் இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனது. "உங்க பிளான் ஷீட்டக் கொஞ்சம் அனுப்புங்க, அப்படியே ஃபாலோ பண்ணிக்கிறேன்" என்றார். இரவு திறந்து பார்த்தேன். அடித்த வரிகள், அடிக்காத வரிகள். மணி, நிமிஷம் இருந்த பத்தியை அழித்துவிட்டு, "உட்கார இடம்" என்று புதிதாக ஒரு பத்தி போட்டேன். கடிகாரத்துக்கு எதிரே கல் விளிம்பு. பாலத்தில் பெஞ்ச் கிடையாது, சாயச் சுவர் உண்டு, காலை எட்டு மணிக்குள். 22ஆம் எண் டிராம், இரு பக்கமும் ஜன்னல், கடைசி நிறுத்தத்தில் பெஞ்ச். பிங்கஸில் உள்ளே உட்கார முடியாது, வெளியே பாருங்கள்.

கோட்டை வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே உட்கார எங்கே இடம் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. தாளை இன்னும் அனுப்பவில்லை, நேற்றும் கேட்டார்.